தொண்ணூற்றொரு நாள் நின்ற வண்டி

2020 மார்ச் இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு நாற்காலி வட்டத்தில் இருந்தவர்கள்: லீலண்ட் ஹாகனாகிய நான், என் மனைவி வெர்னா, அவளுடைய தங்கை மேவிஸ், மினசோட்டாவிலிருந்து வந்த ஹோமர் கின்ட்ரி, அவர் மனைவி இனெஸ், முகாமைப் பார்த்துக்கொள்ளும் ரஸ்ஸல் பிட்மன். கின்ட்ரி தம்பதியின் நாய் வாஃபிளையும் சேர்த்தால் ஏழு. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிற சிலர் அன்று இல்லை. அதனால்தான் பெயர்களை முதலில் எழுதிவிட்டேன்.

அரிசோனாவில் ஆற்றை ஒட்டி, வீட்டு வண்டிகள் வந்து தங்கும் அந்த முகாமில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான்கு மணிக்கு வட்டம் கூடும். அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பை. அந்த மாதம் தொற்று வந்துவிட்டதால் ஹோமர் ஒரு மண்வாரியின் நீளக் கம்பை வைத்து நாற்காலிக்கு நாற்காலி ஆறடி அளந்து போட்டிருந்தார். காது மந்தமான இனெஸுக்கு எல்லாரும் கத்த வேண்டியிருந்தது.

நான் முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் வண்டிகளை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன். எந்த வண்டி எப்போது எங்கே நிற்க வேண்டும், எதற்கு எது வழிவிட வேண்டும் என்பதைத் தாளில் எழுதி நடத்தியவன். என் பொறுப்பில் இரண்டு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானும் வெர்னாவும் நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்று, முப்பத்தாறடி ட்ரெய்லர் ஒன்றை வாங்கினோம். அதை இழுக்க ஒரு பிக்கப். ஐந்து வருடமாக அதுதான் எங்கள் வீடு. குளிர்காலம் பாலைவனம், கோடை மலை. மஞ்சள் கோடுபோட்ட தாளில் பென்சிலால் ஏழு மாதத்துக்கான பயணத்தை முன்கூட்டியே எழுதிவிடுவேன்: எந்த நாள் எந்த முகாம், எத்தனை மைல், எங்கே டீசல், எங்கே தண்ணீர். அந்த மார்ச்சில் ஒவ்வொரு முகாமாக ரத்துக் கடிதம் அனுப்ப, ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டை விற்ற வருடம் நன்றித் திருநாள் விருந்தில், என் மகன் கர்ட்டின் மேசையில், மருமகள் ரெனாட்டா வான்கோழியை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டே வருஷம், மிஸ்டர் ஹாகன். அதுக்கப்புறம் போக்கிடம் இல்லாம எங்க முற்றத்துல வந்து நிறுத்துவீங்க. பாருங்க." அவள் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாள், அப்பா என்றும் சொல்ல மாட்டாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "போக்கிடம் இல்லாம ஒரு ஹாகன் அடுத்தவங்க முற்றத்துல நின்னதில்ல. நிக்கவும் மாட்டான்." அந்த மேசையில் பதினொரு பேர் அதைக் கேட்டார்கள்.

ரஸ்ஸல் அன்று நாற்காலி கொண்டுவரவில்லை. கையில் ஒரு தாளோடு நின்றார்.

"மாவட்டத்துல உத்தரவு போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மதியத்தோட முகாம மூடணும். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போகணுமாம். யார் எங்க போறீங்கன்னு எழுதி அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"நாங்க டுலூத்," என்றார் ஹோமர். "வாசல்ல இன்னும் ரெண்டடி பனி கெடக்கு. மருமகன்கிட்ட அள்ளிப் போடச் சொல்லணும்."

"மேவிஸ்?"

"நான் எங்கன்னு எழுதுவீங்க? 'வேன்'னு எழுதுங்க," என்றாள் மேவிஸ். அவளிடம் இருப்பது ஒரு சிறிய வேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பின்பக்கம் ஏழு நீலத் தண்ணீர்க் கேன்கள். திட்டம் என்று ஒன்றும் கிடையாது. அரசாங்கப் பொட்டல் நிலத்தில் பதினாலு நாள் இலவசமாகத் தங்கலாம். தங்குவாள், பிறகு இன்னொரு பொட்டலுக்குப் போவாள்.

"அது வேன் இல்ல, தண்ணி லாரி," என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். இதை நான் சொன்னேன் என்பதை மறைக்கவில்லை.

"லீலண்ட், உங்க பதிவுல தெற்கு டகோட்டான்னு இருக்கு," என்றார் ரஸ்ஸல். "அந்த விலாசத்தையே எழுதிடவா?"

அது விலாசம்தான். எங்களைப்போல வீட்டை விற்றுவிட்டுச் சாலையில் வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் அந்த மாநிலத்தில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறோம். ஓட்டும் அங்கேதான், வண்டி எண் பலகையும் அங்கேதான். என்னுடையது 1147-ஆம் பெட்டி. ஒரு அடி நீளம், ஆறு அங்குல உயரம்.

"எழுதுங்க எழுதுங்க," என்றாள் மேவிஸ். "வெர்னாவ முதல்ல உள்ள தள்ளணும். லீலண்ட மடிச்சாத்தான் கொள்ளும்."

வெர்னாவே சிரித்து, இருமி, கையைத் தூக்கி ஒன்றுமில்லை என்று காட்டினாள். அவளுக்கு நுரையீரலில் பழைய பழுது. அந்தத் தொற்று அவளைத் தொட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இருவருக்கும் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்.

ஹோமர் என் பக்கம் குனிந்து, "அப்ப சாவியத் தொங்கவிட வேண்டியதுதான், என்ன லீலண்ட்?" என்றார். சாலையில் வாழ்கிறவர்களிடையே அதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் மாட்டி, இனி ஓட்டுவதில்லை என்று ஒப்புக்கொள்வது.

"என் சாவி என் பையில இருக்கு," என்றேன்.

ட்ரெய்லருக்குள் வந்து புதிய மஞ்சள் தாளை எடுத்தேன். முதல் வரியில் "பொட்டல், பதினாலு நாள்" என்று எழுதினேன். மேவிஸின் திட்டத்தை என் கையால் எழுத வேண்டியிருந்தது. அடுத்த பதினாலு நாளுக்கு எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கர்ட் கூப்பிட்டான். வெர்னா போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அப்பா, முகாமெல்லாம் மூடுறாங்கன்னு செய்தியில பார்த்தேன். இங்க முற்றம் காலியாத்தான் இருக்கு."

"எங்களுக்கு இடம் இருக்கு," என்றேன்.

"எங்க?"

"திட்டம் போட்டாச்சு."

அவன் மறுபேச்சு பேசவில்லை. அவனும் ஹாகன்தானே. "சரி, அப்ப வெச்சிடறேன்" என்றான். வெர்னா குறுக்கே வந்தாள்.

"கர்ட், ரெனாட்டா எப்படி இருக்கா? நீ அவளப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

"வேலைல இருக்கா, அம்மா."

"வேலைல இருக்கான்னு தெரியும். நர்ஸ் வேற எங்க இருப்பா? எங்க தூங்குறான்னு கேக்குறேன்."

போனில் அவன் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கராஜுல," என்றான். "ஒம்பது நாளா. பிள்ளைங்களுக்கு ஒட்டிடக் கூடாதுன்னு. மடக்குக் கட்டில் போட்டு, ஒரு சின்ன ஹீட்டர் வெச்சிருக்கா. குளிக்கப் பின்பக்கமா வீட்டுக்கு அடியில இருக்கிற அடித்தள ரூமுக்கு வருவா, அவ போனதும் நான் பிளீச் போட்டுக் கழுவுவேன். நேத்து ராத்திரி இங்க பனி. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்கா. முக்கியமா..."

"முக்கியமா எங்கிட்ட," என்றேன்.

"ஆமாப்பா."

போனை வைத்த பிறகு வெர்னா என் தாளை எடுத்துப் பார்த்தாள். "பதினாலு நாள் பொட்டல். நல்ல திட்டம். நமக்கு என்ன, கழிப்பறை இருக்கு, வெந்நீர் இருக்கு, குளிரானா ஹீட்டர் இருக்கு, கதவச் சாத்தினா ஒரு கிருமி உள்ள வராது. கட்டில்கூட குயின் சைஸ்."

"புரியுது, வெர்னா."

"அவன் நமக்கு இடம் குடுக்கல, லீலண்ட். இடம் கேக்குறான். ஹாகனாச்சே, நேரா கேக்கத் தெரியல."

தாளைக் கிழித்துப் போட்டேன். வேறொன்று எடுத்தேன். ஆயிரத்து முந்நூறு மைல், நான்கு நாள். எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைவதில்லை. டீசலைக் கையுறையோடு, பம்பிலேயே அட்டை தேய்த்து. சாப்பாடு எங்கள் பெட்டியிலிருந்து. கழிப்பறை எங்களுடையது. வெர்னா ஒரு கதவின் பிடியையும் தொடக் கூடாது. முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு வண்டியை நான் ஓட்டியதில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ட்ரெய்லரைப் பிக்கப்பில் கோத்தேன். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது என்பது எங்களிடையே எழுதாத விதி. ஒரு சொல் குறுக்கே வந்தால் ஒரு இணைப்பு ஆணியைச் செருக மறந்துவிடும். ஹோமரும் இனெஸும் கம்பளி போர்த்திக்கொண்டு தள்ளி நின்று, பிரேக் விளக்கு எரிகிறதா என்று மட்டும் கை காட்டினார்கள். மேவிஸ் தன் வேனைக் கிளப்பி எங்களுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"நீ எங்க வர்ற?" என்றேன்.

"வெர்னா எங்க போறாளோ அங்க. பயப்படாத, உன் தாள்ல என்னய எழுத வேண்டாம்."

கோத்து முடித்தபின், ஐந்து வருடமாகச் செய்வதைச் செய்தேன். நல்ல தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து, எழுபத்தைந்து கேலனையும் மணலில் விட்டேன். அறுநூறு பவுண்டுக்கு மேல் எடை. மலைப்பாதையில் அதைச் சுமந்து ஏறுவது டீசலை எரிப்பது மட்டும்தான். போய்ச் சேரும் முகாமில் குழாய் இருக்கும், நிரப்பிக்கொள்ளலாம். என்னைப்போலப் பயணம் செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை குழாய் கிடைக்காமல் போகலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, தாளில் எழுதியிருந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். மதியம்தான் போன் செய்து இடம் உறுதி செய்திருந்தேன். வாசலில் சங்கிலி. ஒரு அட்டையில் "இன்று முதல் மூடப்பட்டது". லாரிகள் நிற்கும் மைதானத்தில் தங்கினோம். குடிக்க வெர்னா குளிர்ப்பெட்டியில் இரண்டு கேலன் வைத்திருந்தாள். கை கழுவ, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் மூன்று இடத்தில் பார்த்தேன். ஓரிடத்தில் தண்ணீர்க் குழாயைக் குளிர்காலத்துக்கென்று மூடி வைத்திருந்தார்கள். இன்னோரிடத்தில் குழாயின் திருகுப்பிடியையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவது இடம் ஒரு சிறிய ஊரின் சந்தை மைதானம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கையில் ஓடுகிற குழாய். என் வண்டியின் எண் பலகையைப் பார்த்தார்.

"தெற்கு டகோட்டாவா?"

"ஆமா."

"அப்ப அங்க போய் இருங்க. இங்க எங்களுக்கு ஏற்கெனவே நாலு கேசு."

நான் தண்ணீர் கேட்க வாயைத் திறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்கவும் இல்லை. அவரிடம் பெட்டி எண் 1147-ஐப் பற்றி விளக்க நான் அங்கே வரவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை டீசல் போட்டுவிட்டு வந்தபோது வெர்னா கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "கை கழுவணும்," என்றாள். அவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை. ஐம்பத்தொரு வருடத்தில் அவள் என்னைக் குற்றம் சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னதே இல்லை, அதுதான் சிரமம்.

மேவிஸ் முப்பதடி தள்ளி வேனை நிறுத்தி, அடுப்பில் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் நடந்து போனேன். ஆறடியில் நின்றேன்.

"மேவிஸ்."

"என்ன, லீலண்ட்?" அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தெரிந்துகொண்டேதான் பின்னால் வந்திருக்கிறாள்.

"எனக்குத் தண்ணி வேணும்."

"சத்தமாச் சொல்லு. எனக்கும் இனெஸ் காதுதான்."

"எனக்குத் தண்ணி வேணும்."

"யாருகிட்ட கேக்குற? தண்ணி லாரிக்காரிகிட்டயா?"

"ஆமா. தண்ணி லாரிக்காரிகிட்ட."

அவள் கரண்டியைத் தட்டி வைத்தாள். "அத உன் மஞ்சத் தாள்ல எழுது. தேதி போட்டு எழுது." பிறகு ஒரு புனலை எடுத்துக்கொண்டு நான்கு கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து எங்கள் தொட்டியில் ஊற்றினாள். நான் தூக்க வந்தபோது "ஆறடி!" என்று கத்தினாள். இருபது கேலன். வெர்னா கை கழுவினாள். தாளில் எழுதினேன்: மார்ச் 29, தண்ணீர், 20 கேலன், மேவிஸ். தேதியோடு. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் பிழை அது. வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பகல் இரண்டு மணிக்கு மகன் வீட்டுத் தெருவில் திரும்பினோம். கர்ட் வேலைக்குப் போயிருந்தான். தண்டவாளம் பழுது பார்க்கும் வேலைக்கு ஊரடங்கு கிடையாது. பிள்ளைகள் இருவரும் மாடி ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள். முற்றம் குறுகல், ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார். முப்பத்தாறடி ட்ரெய்லரை ஒரே தடவையில் பின்னோக்கி உள்ளே விட்டேன். முன்னே எடுத்துத் திருத்தவில்லை. மேவிஸ்கூடக் கை தட்டினாள்.

கராஜ் கதவு பாதி உயர்ந்தது. ரெனாட்டா அடியில் குனிந்து வெளியே வந்தாள். மேலே கர்ட்டின் வேட்டைக் கோட்டு. மூக்கின் மேல் முகக்கவசம் பதிந்த தழும்பு, இரண்டு கன்னத்திலும் சிவப்புக் கோடு. வேலை முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முற்றத்தின் அந்தக் கோடியில் நின்றாள். நான் இந்தக் கோடியில்.

"அஞ்சு வருஷம் ஆச்சு, மிஸ்டர் ஹாகன்," என்றாள். "நான் ரெண்டுன்னு சொன்னேன். கணக்கு கொஞ்சம் தப்பிடுச்சு."

"நிறையவே தப்பிடுச்சு. நாங்க இதுல தங்க வரல. இத உங்கிட்ட ஒப்படைக்க வந்தோம். இது உனக்கு."

அவள் ட்ரெய்லரைப் பார்த்தாள். பிறகு வெர்னாவைப் பார்த்தாள். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தாள். "கர்ட் சொல்லிட்டானா."

"வெர்னா கேட்டா, அவன் சொன்னான். வெர்னா கேட்டா ரயில் எஞ்சினே பதில் சொல்லும்."

"நான் யார்கிட்டயும் கேக்கல."

"நீ கேக்கலன்னு எனக்குத் தெரியும். நீ கேக்குற ஆள் இல்ல. நானும் குடுத்துட்டுப் பேசுற ஆள் இல்ல. ஒரே ஒரு நிபந்தனை."

"அதான பார்த்தேன். என்ன?"

"தண்ணித் தொட்டி எப்பவும் நிரம்பி இருக்கணும். காலியா விடக் கூடாது."

மேவிஸ் வேனுக்குள்ளிருந்து சத்தமாகச் சிரித்தாள். ரெனாட்டாவுக்குக் காரணம் புரியவில்லை. "சரி," என்றாள்.

தோட்டக் குழாயைக் கொண்டுவந்து எழுபத்தைந்து கேலனையும் நிரப்பினேன். மின்சாரம் கொடுத்தேன். கழிவுக் குழாயைக் கோத்தேன். கதவு, கைப்பிடி, சுவிட்சு எல்லாவற்றையும் வெர்னா ஏற்கெனவே துடைத்திருந்தாள். எது எப்படி இயங்கும் என்று இருபத்திரண்டு வரியில் எழுதிய தாளை மேசையில் வைத்தேன். சாவியைப் படிக்கட்டின் மேல் வைத்துவிட்டுப் பன்னிரண்டடி பின்னால் நடந்தேன். அவள் வந்து எடுத்தாள். பையிலிருந்து கிருமிநாசினியை எடுத்துச் சாவிக்கும் போட்டாள், தன் கைக்கும் போட்டாள்.

"அப்ப நீங்க எங்க தூங்குவீங்க?" என்றாள்.

"அடித்தளத்துல. பதினாலு நாள் தனியா. அதுக்கப்புறம் மாடிக்கு வந்து பிள்ளைங்களப் பார்த்துப்போம். கர்ட் காலைல போனா ராத்திரிதான் வர்றான். பள்ளிக்கூடமும் இல்ல. யாராவது வேணுமில்ல?"

அவள் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு படியேறினாள். நன்றி என்று சொல்லவில்லை. அதற்காக நான் அவளை மதித்தேன்.

கதவு மூடிக்கொண்டது. தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கியது. குளிக்கிறாள். சாலையில் வாழ்கிறவர்கள் மூன்று நிமிடத்துக்கு மேல் குளிப்பதில்லை. நனை, நிறுத்து, சோப்பு போடு, அலசு, முடிந்தது. பம்ப் இருபது நிமிடம் ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீர் ஆறாம் நிமிடமே தீர்ந்திருக்கும். வெர்னா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள்.

ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மாலையில் அவள் வேலைக்குப் போகும் முன் குழாயை எடுத்துத் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போனாள். அந்த வண்டியில் இருந்த நாள் முழுவதும் ஒரு தடவைகூட அவள் அதை மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் நிபந்தனையை இப்படிக் காத்த வேறொருவரைச் சொல் என்றால் எனக்குப் பெயர் வராது.

மேவிஸ் ஒரு வாரம் தெருவோரம் வேனில் இருந்துவிட்டு, வெர்னா நன்றாக இருக்கிறாள் என்று பார்த்தபின், ஏழு கேன்களையும் நிரப்பிக்கொண்டு ஏதோ ஒரு பொட்டலுக்குப் போனாள். வெர்னாவைத் தொற்று தொடவில்லை. பிள்ளைகளைத் தொடவில்லை. ஏப்ரலில் ரெனாட்டாவுக்குப் பதினோரு நாள் காய்ச்சல் இருந்தது. ட்ரெய்லருக்குள்ளேயே கிடந்து எழுந்தாள். அந்தப் பதினோரு நாளும் சூப்புக் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, உள்ளிருந்து சுவரில் இரண்டு தட்டு கேட்கும்வரை நான் முற்றத்தைவிட்டு நகரவில்லை.

இந்தக் குளிர்காலம் அரிசோனா வட்டத்தில் ஹோமர் கின்ட்ரி ஒன்று சொல்லிவருவதாகக் கேள்விப்பட்டேன். லீலண்ட் ஹாகன் சாவியைத் தொங்கவிட்டுவிட்டாராம். போக்கிடம் இல்லாமல் மகன் வீட்டு முற்றத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, மூன்று மாதம் மருமகள் கையால் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தாராம்.

அது தவறு. ட்ரெய்லர் அந்த முற்றத்தில் தொண்ணூற்றொரு நாள் நின்றது. அதில் ஒரு நாளும் நாங்கள் தூங்கவில்லை. சமைத்தது வெர்னா, சாப்பிட்டது மருமகள். சாவி எந்த ஆணியிலும் தொங்கவில்லை. ரெனாட்டாவின் பையில் இருந்தது. ஜூன் முப்பதாம் தேதி காலை அதை அவள் என் கையில் கொடுத்தாள். ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம், தொட்டி நிறையத் தண்ணீரோடு.